சுருள் கம்பியும் ஐம்பது ஓமும்

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஜான் க்ராஸ் கதை தெரிந்திருக்கிறது. 1946-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பேச வந்த ஒரு விஞ்ஞானி, டிராவலிங் வேவ் டியூபை விளக்கினார். அதில் எலக்ட்ரான் கற்றை ஒரு சுருள் கம்பியின் நடுவே ஓடும். அங்கே பேராசிரியராக இருந்த க்ராஸ், இந்தச் சுருளையே ஆண்டெனாவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முயன்று பார்த்தாயிற்று, வேலைக்கு ஆகாது என்று பதில் வந்தது. அன்று மாலையே க்ராஸ் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, 12 செ.மீ. அலைநீளத்துக்கு, சுற்றளவும் அதே 12 செ.மீ. வருமாறு ஏழு சுற்றுச் சுற்றினார். சுருளின் நுனித் திசையில் கூர்மையான கற்றை கிடைத்தது!

இந்தக் கதையின் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆண்டெனா கதிர்வீசினால் மட்டும் போதுமா? கேபிளில் வரும் சக்தியை அது வாங்கிக்கொள்ளவும் வேண்டும். அதற்கு இரண்டின் இம்பீடன்ஸும் ஒத்துப்போக வேண்டும். இன்று உள்ளங்கையில் அடங்கும் கருவி இதை ஒரு நொடியில் திரையில் காட்டிவிடும். அன்று இருந்தது ஸ்லாட்டட் லைன். நீளவாக்கில் பிளவு போட்ட குழாயில் ஒரு புரோபை நகர்த்தி, மின்னழுத்தம் எங்கே உச்சம், எங்கே தாழ்வு என்று பார்த்து, ஸ்மித் சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். அலைவரிசையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து!

இப்படி அளந்ததைக் க்ளாஸரும் க்ராஸும் 1948-ல் வெளியிட்டார்கள். சுற்றளவு அலைநீளத்தின் முக்கால் பங்கிலிருந்து ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேல் வரை எங்கே இருந்தாலும், இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட வெறும் மின்தடைதான். சுற்றளவும் அலைநீளமும் சமமானால் சுமார் 140 ஓம். காரணம் எளிது. கம்பியில் ஓடும் அலை போகப் போகக் கதிர்வீசித் தேய்கிறது. நுனியில் மோதித் திரும்பி வருவது கொஞ்சம்தான். அதனால் ஊட்டுமுனை பெரிதாக அலைக்கழிவதில்லை.

சங்கடம் என்னவென்றால், நம் கேபிள்கள் பெரும்பாலும் 50 ஓம். 140 ஓமை அப்படியே மாட்டினால் நின்றலை விகிதம் 2.8, சக்தியில் 22 சதவீதம் திரும்பி வந்துவிடும். நடுவே கால் அலைநீளத்துக்கு 84 ஓம் கேபிள் துண்டு வைக்கலாம் (50-ஐயும் 140-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது). ஆனால் ஓர் அலைவரிசைக்குத்தான் அது சரியான கால் அலைநீளம். அகன்ற பட்டையில் வேலை செய்யும் ஆண்டெனாவுக்கு இப்படிக் குறுகலான வாசல் வைப்பது அநியாயம் இல்லையா?

விடை 1977-ல் வந்தது. எழுதியவர் அதே க்ராஸ், கண்டுபிடித்து முப்பது வருடம் கழித்து! அடித்தகட்டுக்குப் பக்கத்தில் சுருள் தொடங்கும் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கச் சொன்னார். அகன்ற பட்டை தரைத்தகட்டை நெருங்க நெருங்க இம்பீடன்ஸ் இறங்கும். மேலே உருண்டைக் கம்பியாக 140-ல் இருப்பது, கீழே ஊட்டுமுனைக்கு வரும்போது 50 ஆகிவிடும். மாற்றம் படிப்படியாக நடப்பதால் அகன்ற பட்டையும் கெடுவதில்லை. தனியாக எந்தப் பாகமும் தேவையில்லை.

இடைப்பட்ட காலத்தில் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் 96 சுருள்களை வரிசையாக நிறுத்தி ரேடியோ தொலைநோக்கி கட்டினார். பிறகு அவர் உருவாக்கிய 'பிக் இயர்' தொலைநோக்கிதான் அதே 1977 ஆகஸ்டில் புகழ்பெற்ற 'வாவ்' சமிக்ஞையைப் பிடித்தது. உலகம் அதைப் பற்றி இன்னும் பேசுகிறது. தட்டையாக்கிய கம்பியைப் பற்றிப் பேச எங்களைப் போல நாலு பேர்தான்.

'ஆகாது' என்றதைச் செய்து காட்டுவது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் கண்டுபிடிப்பு அடுத்தவன் கேபிளில் ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று முப்பது வருடம் கழித்தும் கவலைப்பட்டாரே, அந்த க்ராஸைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.