காணாமற்போகும் மின்னஞ்சல்கள்: அஞ்சல் நெறிமுறையின் வரலாற்றில் ஒரு பகுதி

அனுப்பிய மின்னஞ்சல் பெறுநரைச் சென்றடையாமலும், சேரவில்லை என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குத் திரும்பி வராமலும் போவதுண்டு. ஒரே சேவை நிறுவனத்தின் பயனர்களுக்குள் இது அரிது. ஒரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் வழங்கிக்கு அஞ்சல் கைமாறும் இடத்தில்தான் பெரும்பாலும் நிகழ்கிறது. இதைத் தற்செயலான பழுது என்று பலர் எண்ணுகின்றனர். பல நேர்வுகளில் அது பழுதே அன்று, யாரோ எடுத்த முடிவு. மின்னஞ்சலின் தொடக்க காலத்தில் எந்த அஞ்சலும் சுவடின்றித் தொலையக் கூடாது என்பது விதி. அவ்விதி 1990களின் பிற்பகுதியிலிருந்து சிறிது சிறிதாகத் தளர்ந்தது. அது தளர்ந்த கதையை அறிந்தவருக்கு, தொலைந்த அஞ்சலை எங்கே தேடுவது என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

1982ஆம் ஆண்டின் ஒப்பந்தம்

வலையமைப்பு வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பும் முறையை 1971இல் ரே டாம்லின்சன் உருவாக்கினார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க '@' குறியைத் தேர்ந்தவரும் அவரே. ஆனால் இன்றும் நாம் பயன்படுத்தும் கைமாற்று முறைக்கு அடித்தளம் 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்னும் ஆவணமாகும். எஸ்.எம்.டி.பி. எனப்படும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை அது வகுத்தது.

இந்நெறிமுறை இரு வழங்கிகளுக்கு இடையே நடக்கும் ஓர் உரையாடல். அனுப்பும் வழங்கி முதலில் தன் பெயரைச் சொல்லும். பிறகு அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று சொல்லும். இறுதியில் கடிதத்தை ஒப்படைக்கும். பெறும் வழங்கி ஒவ்வொரு படியிலும் மூன்று இலக்க எண்ணால் விடை கூறும். 2இல் தொடங்கும் எண் ஏற்பு. 4இல் தொடங்கினால், இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடிதத்தின் உடல் முழுவதும் சென்ற பின் பெறும் வழங்கி 250 என்று விடையளித்தால், அந்த நொடியிலிருந்து பொறுப்பு அதனுடையது. அனுப்பிய வழங்கி தன் வரிசையிலிருந்து கடிதத்தை நீக்கிவிடலாம். பெற்றுக்கொண்ட வழங்கி ஒன்று கடிதத்தைச் சேர்ப்பிக்க வேண்டும், அல்லது சேர்க்க இயலவில்லை என்ற அறிவிப்பை அனுப்புநருக்குத் திருப்ப வேண்டும். நம் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலுக்கு ரசீது கொடுத்து வந்ததைப் போன்றது இது. ரசீது கொடுத்த பின் கடிதம் எங்கே என்று கேட்டால் அவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பும் அறிவிப்புகள் ஒன்றையொன்று துரத்தி முடிவில்லாமல் சுற்றாதிருக்க, அவற்றின் அனுப்புநர் இடம் வெறுமையாக விடப்படும் என்பதையும் அந்த ஆவணம் அப்போதே சிந்தித்து வைத்திருந்தது.

ஆனால் அது சிந்திக்காத ஒன்று இருந்தது. அனுப்புநர் பெயரை யாரும் சரிபார்க்கவில்லை. எந்த வழங்கியும் எந்த முகவரியின் பெயரிலும் அஞ்சலைத் தரலாம். முன்பின் அறியாதவர் தரும் அஞ்சலையும் வாங்கி மூன்றாமவருக்குக் கடத்துவதே அக்கால வழங்கிகளின் நற்பண்பாகக் கருதப்பட்டது. சில நூறு கணினிகள் மட்டுமே இணைந்திருந்த, ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எரிதமும் தடைப்பட்டியலும்

கேளாமல் மொத்தமாக அனுப்பப்படும் அஞ்சலைத் தமிழில் எரிதம் என்கிறோம். 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், தம் நிறுவனக் கணினிகளின் அறிமுகக் கூட்டத்திற்கு அழைத்து ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பியதே முதல் எரிதம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அப்போது கண்டனம் எழுந்தது, அடங்கியது. 1990களில் இணையம் வணிகத்திற்குத் திறந்த பிறகு, திறந்திருந்த இடைவழங்கிகள் வழியே எரிதம் வெள்ளமாயிற்று.

1997இல் பால் விக்சியும் அவருடைய கூட்டாளிகளும் எரிதம் வரும் ஐ.பி. முகவரிகளின் தடைப்பட்டியலை உருவாக்கினர். மறு ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்டு ஸ்பாம்ஹாஸ் அமைப்பைத் தொடங்கினார். இத்தகைய பட்டியல்கள் பெரும் நன்மை செய்தன. ஆனால் ஒரு புதிய நிலைமையும் பிறந்தது: கடிதம் எழுதியவர் யார் என்பதைவிட, அது எந்த முகவரியிலிருந்து கிளம்பியது என்பதே அதன் விதியைத் தீர்மானித்தது. வாடகைக்கு எடுத்த வழங்கியின் ஐ.பி. முகவரியை முன்பு யாராவது எரிதத்திற்குப் பயன்படுத்தியிருந்தால், அதன் பழி இன்று குடிவந்தவர் தலையில் விழும்.

2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எரிதத்தை நிகழ்தகவு முறையில் கண்டறிவது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சொற்களின் நிகழ்வெண்ணைக் கொண்டு வடிகட்டும் வழிமுறை அதன்பின் பரவியது. வடிகட்டி கடிதத்தின் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டுமானால் முதலில் கடிதத்தை வாங்க வேண்டும். பல வழங்கிகள் முதலில் 250 என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பின்னர் ஆற அமரச் சோதித்தன. சோதனையில் எரிதம் எனத் தெரிந்தால் என்ன செய்வது? பழைய விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும். யாருக்குத் திருப்புவது?

திரும்பும் அறிவிப்பே தொல்லையான கதை

எரிதக்காரர்கள் தம் முகவரியை எழுதுவதில்லை. யாரோ ஒருவருடைய முகவரியை அனுப்புநர் இடத்தில் இடுவார்கள். திருப்பி அனுப்பினால் அது அந்த அப்பாவிக்குப் போய்ச்சேரும். 2003 ஆகஸ்டில் பரவிய சோபிக்.எஃப் என்ற புழு இப்படித்தான் போலி அனுப்புநர் முகவரிகளுடன் இலட்சக்கணக்கான அஞ்சல்களை அனுப்பியது. வைரஸ் தடுப்பு வழங்கிகள் 'உங்கள் அஞ்சலில் வைரஸ் உள்ளது' என்ற அறிவிப்புகளை, அந்த அஞ்சலை அனுப்பியே இராத மக்களுக்கு விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. நோயைவிட மருந்தின் தொல்லை பெரிதாயிற்று.

இந்த இடத்தில்தான் பழைய ஒப்பந்தம் முறிந்தது என்பது என் கருத்து. திருப்பி அனுப்பினால் அப்பாவிக்குத் துன்பம், அப்படி அனுப்பும் வழங்கியே தடைப்பட்டியலில் ஏறும் அபாயமும் உண்டு. ஆகவே ஓசையின்றி அழித்துவிடும் வழக்கம் வேரூன்றியது. 2008 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 இந்நடைமுறையை மனமின்றி ஒப்புக்கொண்டது. அறிவிக்காமல் அஞ்சலைக் கைவிடுவது நடைமுறையில் அனுமதிக்கப்படுகிறது என்றும், ஆனால் அது மிகவும் ஆபத்தானது, சேர்ப்பிக்கப்படும் அல்லது திருப்பப்படும் என்ற நீண்ட மரபுக்கு மாறானது என்றும் அது எச்சரிக்கிறது. ஒரு நெறிமுறை ஆவணத்தில் இத்தகைய வருத்தத் தொனியைக் காண்பது அரிது.

வாங்குவதற்கு முன்பே, உரையாடல் நடக்கும்போதே 5இல் தொடங்கும் எண்ணைக் கூறி மறுப்பதுதான் இதற்கு நேர்மையான மாற்று. அப்போது அனுப்பிய வழங்கியே தன் பயனருக்குத் தகவல் சொல்லும். போலி முகவரிக்காரர் துன்புற மாட்டார். பல நிறுவனங்கள் இவ்வழிக்கு வந்தன. எல்லோரும் வரவில்லை.

அடையாளச் சோதனைகள்

போலி அனுப்புநரைத் தடுக்க மூன்று முறைகள் அடுத்தடுத்து வந்தன. எஸ்.பி.எஃப். என்பது ஒரு களப்பெயரின் சார்பில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள வழங்கிகளை டி.என்.எஸ்.-இல் அறிவிப்பது, 2006 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 4408 ஆக வெளிவந்தது. டி.கே.ஐ.எம். என்பது அஞ்சலின் மேல் இடப்படும் மறையீட்டுக் கையொப்பம். 2007 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 4871 ஆனது. இவ்விரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று களப்பெயர் உரிமையாளரே கூறும் டிமார்க் 2012 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, 2015 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 7489 ஆகப் பதிவாயிற்று.

இவை பயனுள்ளவை. இவற்றாலும் நேர்மையான அஞ்சல்கள் தொலைந்தன. பழைய முகவரிக்கு வரும் அஞ்சலைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுபவர் பலர். அப்படித் திருப்பும்போது கடிதம் இடைவழங்கியிலிருந்து கிளம்புவதால் எஸ்.பி.எஃப். தவறும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் களப்பெயருக்கு டிமார்க் மறுப்பு விதியை இட்டது. சில வாரங்களுக்குள் ஏ.ஓ.எல். நிறுவனமும் அதையே செய்தது. உலகெங்கும் அஞ்சல் குழுக்களில் யாஹூ பயனர்கள் எழுதியவை மற்ற உறுப்பினர்களைச் சேராமற்போயின. குழுக்களை நடத்திய தன்னார்வலர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை.

பணி ஓய்வுக்குப் பின் மாணவர்கள் சிலருக்கு விண்ணப்பம் அனுப்ப உதவி வருகிறேன். ஒரு மாணவியின் சேர்க்கை விண்ணப்பத்தை ஒரு கல்லூரி பெறவே இல்லை என்றது. நாங்கள் அனுப்பியதற்கான பதிவு எங்களிடம் இருந்தது. கல்லூரியின் பெரிய வடிகட்டியில் அது சிறைப்பட்டிருந்ததைக் கணினிப் பிரிவினர் கண்டபோது கடைசி நாள் கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அலுவலர் பொய் சொல்லவில்லை. அவருடைய எரிதப் பெட்டிக்குக்கூட அது வரவில்லை.

தேடும் முறை

அஞ்சல் சேராதபோது முதற்கேள்வி: பெறும் வழங்கி 250 என்று சொன்னதா? அனுப்பிய வழங்கியின் பதிவேட்டில் இது இருக்கும். சொந்த வழங்கி இல்லாதவர் தம் சேவை நிறுவனத்திடம் கேட்கலாம். 4இல் தொடங்கும் எண் இருந்தால் கடிதம் இன்னும் வரிசையில் நிற்கிறது. குறைந்தது நான்கைந்து நாட்களாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது நெறி. அறிமுகமில்லாத வழங்கியை முதல்முறை வேண்டுமென்றே திருப்பியனுப்பிச் சோதிக்கும் முறையும் 2003 முதல் உண்டு. அதனால் வரும் தாமதத்தை இழப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

250 பதிவாகியிருந்தால் தேட வேண்டிய இடம் மறுபக்கம். அந்த வரியில் பெறும் வழங்கி தந்த வரிசை எண் பெரும்பாலும் இருக்கும். அந்த எண், நாள், நேரம் ஆகியவற்றை மறுபக்க நிர்வாகிக்குத் தர வேண்டும். பதிவேடுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழித்துச் சொல்வது நல்லது. ஒவ்வொரு களத்திலும் போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி இயங்க வேண்டும் என்பது விதி. பெறுநர் தம் எரிதப் பெட்டி, தாமே இட்ட வடிகட்டி விதிகள், திருப்பிவிடும் அமைப்பு மூன்றையும் பார்க்க வேண்டும்.

எந்த அஞ்சல் போகிறது, எது போகவில்லை என்று பிரித்துப் பார்ப்பதும் உதவும். இணைப்பும் தொடுப்பும் இல்லாத இரண்டு வரிக் கடிதம் சேர்ந்தால் தடை உள்ளடக்கத்தில் இருக்கலாம். அதுவும் சேராவிட்டால் ஐ.பி. முகவரியின் தடைப்பட்டியல் நிலை, தலைகீழ் டி.என்.எஸ்., எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகியவற்றைச் சோதிக்கலாம். வேறொரு சேவையிலுள்ள தம் சொந்தக் கணக்குக்கு ஒன்று அனுப்பி, அதன் தலைப்புப் பகுதியிலுள்ள சோதனை முடிவுகளைப் படிப்பதே எளிய வழி.

பயனர் சொல்வதைக் கேலியாக எண்ணாமல் கேட்க வேண்டும் என்பதற்கு ட்ரே ஹாரிஸ் 2002இல் எழுதிய நிகழ்ச்சி சுவையான சான்று. 500 மைலுக்கு அப்பால் தம் அஞ்சல் போகவில்லை என்று ஒரு பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைத் தலைவர் முறையிட்டார். ஆராய்ந்தால் அது உண்மை! இயங்குதள மாற்றத்தின்போது அஞ்சல் மென்பொருள் பழைய பதிப்புக்கு இறங்கியிருந்தது. புதிய பதிப்புக்கான அமைப்புக் கோப்பு புரியாமல் காத்திருப்பு நேரத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டது. இணைப்பு சுமார் 3 மில்லி நொடியில் அறுந்தது. அந்நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு ஏறத்தாழ 558 மைல்.

அண்மை விதிகள்

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்த அனுப்புநர்களுக்கு மூன்று அடையாளச் சோதனைகளையும் கட்டாயமாக்கின. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோரைக் கூகுள் இவ்வகையில் சேர்த்தது. எரிதப் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்றது. 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் சேவையில் இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. தவறும் அஞ்சலை எரிதப் பெட்டிக்கு அனுப்புவதாக முதலில் அறிவித்த அந்நிறுவனம், நடைமுறைப்படுத்தும் முன் முடிவை மாற்றி, 550 என்ற எண்ணுடன் வாசலிலேயே மறுக்கப்படும் என்றது. இது கடுமையாகத் தோன்றும். ஆயினும் அனுப்பியவருக்கு அன்றே செய்தி தெரிந்துவிடுகிறது.