விழும் நேரத்தை நீட்டித்தவர்கள்: பொருள்களின் வீழ்ச்சி பற்றிய ஆய்வு வளர்ந்த வழி

கனமான பொருளும் இலேசான பொருளும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எது முதலில் தரையைத் தொடும்? பைசா கோபுரத்தின் உச்சியில் கலிலியோ நின்ற நாளில் இதற்கு விடை கிடைத்தது என்றே பலரும் படித்திருக்கிறோம். அந்த நிகழ்ச்சிக்கு முதன்மை ஆதாரம், அவருடைய மாணவர் விவியானி 1654-இல் எழுதி 1717-இல் அச்சேறிய வாழ்க்கை வரலாறு. அது நடந்திருந்தாலும் அதிலிருந்து பெரிதாக எதுவும் அளந்திருக்க முடியாது. 56 மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் குண்டு மூன்றரை விநாடிக்குள் தரையில் இருக்கும். விநாடியை நம்பி அளக்கக் கடிகாரம் இல்லாத காலம் அது. ஆகவே இந்த ஆய்வின் வரலாற்றைக் கோபுரங்களின் வரிசையாகப் பார்ப்பதைவிட, அந்தக் குறுகிய நேரத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட ஆய்வாளர்கள் கண்ட உத்திகளின் வரிசையாகப் பார்ப்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எடை கூடக்கூட வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்றார் அரிஸ்டாட்டில். காற்றிலும் நீரிலும் விழுவனவற்றைக் கண்ணால் பார்த்தவருக்கு அது இயல்பான முடிவுதான். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸ் அதை மறுத்தார்: எடையில் பெரிதும் வேறுபடும் இரண்டு பொருள்கள் விழ எடுக்கும் நேரம் மிகச் சிறிதளவே வேறுபடுகிறது என்று எழுதினார். 1586-இல் சைமன் ஸ்டெவின், டெல்ஃப்ட் நகரில் நண்பர் டி குரூட்டுடன் சேர்ந்து நடத்திய சோதனையை வெளியிட்டார். ஒன்றைவிட மற்றது பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகள் 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகைமீது விழுந்தன. இரண்டும் மோதிய ஓசை ஒன்றாகவே கேட்டது. கண்ணை நம்பாமல் காதை நம்பியது ஸ்டெவினின் கூர்மை. ஆனால் சேர்ந்து விழுகின்றன என்பதற்கு மேல் காதால் சொல்ல முடியாது. விழும்போது வேகம் எவ்விதம் கூடுகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை தந்தது கலிலியோவின் சாய்தளம். சுமார் 7 மீட்டர் நீள மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, ஒரு முனையைச் சற்றே உயர்த்தி, அதில் வெண்கல உருண்டையை உருட்டினார். பாத்திரத்தின் அடியில் பொருத்திய மெல்லிய குழாய்வழி வடிந்த நீரைத் தராசில் நிறுத்து நேரத்தைக் கணித்தார். 7 மீட்டரை நேராக விழுந்து கடக்க 1.2 விநாடி போதும். பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே உயர்த்திய தளத்தில் உருளும் குண்டுக்குக் கிட்டத்தட்ட 5 விநாடி ஆகும். அந்த மெதுவான ஓட்டத்தில்தான் விதி புலப்பட்டது: சம இடைவெளி நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று வளர்கின்றன, மொத்தத் தூரம் நேரத்தின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. 1638-இல் லைடனில் வெளியான நூல் இதை விளக்கியது. இவ்வளவு எளிய கருவியால் இத்தனைத் துல்லியம் கிட்டாது என்று இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் கொய்ரே ஐயுற்றார். தாமஸ் செட்டில் அந்தக் கருவியைத் தாமே அமைத்துச் செய்துபார்த்து, அது சாத்தியமே என்று 1961-இல் காட்டினார். இந்த வரலாற்றில் உண்மையான திருப்புமுனை இந்தச் சாய்தளமே என்பது என் துணிபு.

நியூட்டன் ஊசலைக் கையாண்டார். ஊசல் ஒவ்வொரு வீச்சிலும் விழுந்து எழுகிறது. மிகச் சிறிய வேறுபாடும் நூற்றுக்கணக்கான வீச்சுகளில் சேர்ந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு மரப்பெட்டிகளை 11 அடிக் கயிறுகளில் தொங்கவிட்டு, தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றைச் சம எடையில் இட்டு ஒப்பிட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும் தெரிந்திருக்கும், தெரியவில்லை. இந்தச் சோதனையை விவரித்து 1687-இல் வெளியான அவரது நூலிலேயே நிலவும் விழும் பொருளாயிற்று. பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவிலுள்ள நிலவு, பூமிக்கருகில் ஒரு பொருள் ஒரு விநாடியில் விழும் தூரத்தை ஒரு நிமிடத்தில் விழுகிறது. பக்கவாட்டு வேகம் இருப்பதால் தரையை எட்டாமல் சுற்றிவருகிறது. சுமார் 400 கி.மீ. உயரத்திலுள்ள பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கும் இதே நிலைதான். அங்கே ஈர்ப்பு இல்லை என்ற எண்ணம் தவறு. தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஈர்ப்பு அங்கும் உண்டு. நிலையமும் வீரர்களும் சேர்ந்தே விழுவதால்தான் மிதக்கிறார்கள்.

ஹங்கேரியின் எட்வஷ் பொருள்களை விழவிடவே இல்லை. மெல்லிய கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசின் இரு முனைகளிலும் வெவ்வேறு பொருள்களை வைத்து, 1889-இல் இரண்டு கோடியில் ஒரு பங்கு வரை வேறுபாடு இல்லை என்று காட்டினார். விழுபவருக்குத் தம் எடை தெரியாது என்ற எண்ணம் 1907-இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. பொதுச் சார்பியலுக்கு வித்தான எண்ணம் அது.

1971 ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ 15-இன் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் வல்லூற்றின் இறகையும் ஒன்றாக விட்டார். காற்றில்லாத அங்கே இரண்டும் சேர்ந்தே விழுந்தன. துல்லியத்துக்கு அது எதையும் சேர்க்கவில்லை. ஆயினும் கோடிக்கணக்கானோர் விதியைக் கண்ணாரக் காண அது வழிசெய்தது.

நேரத்தை நீட்டிக்கும் முயற்சியில் இதுவரை மிகத் தொலைவு சென்றது, பிரான்ஸ் 2016 ஏப்ரலில் ஏவிய மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள். 710 கி.மீ. உயரத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த டைட்டானியம், பிளாட்டினக் கலப்புலோக உருளைகள் நாள்கணக்கில் தொடர்ந்து விழுந்தன. மெல்லிய காற்றின் உராய்வைக்கூடச் சிறு உந்திகள் ஈடுசெய்தன. 2022-இல் வெளியான இறுதி முடிவின்படி, ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கு என்ற துல்லியம் வரை இரண்டின் வீழ்ச்சியிலும் வேறுபாடு இல்லை.

எதிர்ப்பொருளின் நிலை வேறு. செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு, எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் கீழ்நோக்கியே விழுகின்றன என்று 2023-இல்தான் காட்டியது. அவற்றின் முடுக்கம் இப்போதைக்குத் தோராயமாகவே தெரியும். நியூட்டனின் மரப்பெட்டிகள் தந்த துல்லியத்தைக்கூட அந்த அளவீடு இன்னும் எட்டவில்லை.