மறதிக்காரன் மூளை சும்மா இருப்பதில்லை

போன வாரம் ஏற்காட்டிலிருந்து வந்த பஸ்ஸில் குடையை விட்டுவிட்டுச் செம்மநத்தத்தில் இறங்கிவிட்டேன். ஆனால் ஐந்தாம் வகுப்பில் பிரெஞ்சு வாத்தியார் உருப்போட வைத்த வினைச்சொற்கள் இன்றும் வரிசை தப்பாமல் வருகின்றன.

இதற்கு 1881-லேயே விளக்கம் எழுதியவர் பிரான்சின் தியோடூல் ரிபோ. புதிதாகப் பதிந்தவை முதலில் அழியும், பழையவை கடைசிவரை நிற்கும் என்றார். 1906-ல் ஜெர்மன் டாக்டர் அல்சைமர் முற்றிய மறதி நோயை விவரித்தார். அதற்கும் சாதாரண முதுமை மறதிக்கும் நடுவில் ஒரு படி உண்டு. அன்றாட வேலை கெடாது, நினைவு மட்டும் வயதுக்கு மீறிக் குறையும். 1999-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பீட்டர்சன் குழுவினர் அதை வரையறுத்தார்கள்.

அந்தப் படியில் மூளை ஓய்ந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். நேர்மாறாக, நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதி அளவுக்கு மீறி உழைப்பதை ஸ்கேன் காட்டியது. குறையை ஈடுகட்டத்தான் இந்தப் பாடு என்று பலர் கருதினார்கள். 2012-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வலிப்பு மருந்தொன்றைச் சிறு அளவில் கொடுத்து அதைத் தணித்தபோது, நினைவுச் சோதனையில் தேர்ச்சி கூடியது. அந்த மிகை உழைப்பே இடைஞ்சல்! (மருந்தை யாரும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.)

நம் நாட்டுச் செய்தியும் உண்டு. ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர், ஒரு மொழிக்கு மேல் பேசுபவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தள்ளி வந்ததாக 2013-ல் வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே.

ஆகவே அன்பர்களே, "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர்களை ஒதுக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். நானும் காட்டப் போகிறேன்.