தாமதத்தை அறிவிக்கும் குரல்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் உள்ள திருப்புலிவனத்திற்கு இருப்புப்பாதை கிடையாது. தொலைதூரப் பயணம் புறப்படும் அவ்வூரார் பேருந்தேறிக் காஞ்சிபுரமோ செங்கற்பட்டோ சென்றே இரயில் பிடிக்க வேண்டும். மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் நிலையத்தை அடைந்தவருக்கு, வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்பது சிறு செய்தியன்று. காத்திருப்பதா, வேறு வழி தேடுவதா என்பதை முடிவு செய்யும் செய்தி அதுவே. அது பயணியரை வந்தடைந்த வரலாற்றை இங்கே நோக்குவோம்.

தாமதம் என்னும் கருத்தே பொதுக் கடிகாரத்தோடு பிறந்ததாகும். 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னகத்தின் முதல் பயணி வண்டி ஓடியது. அக்காலத்தில் ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டது. பின்னர்ச் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரமே இந்திய இரயில்களின் பொது நேரமாயிற்று. 1906ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வழக்கிற்கு வந்தது. நேரம் ஒன்றான பின்னரே, வண்டி எத்தனை நிமிடம் பிந்தியது என்று எவரும் கணக்குக் கேட்க முடிந்தது.

அக்கணக்கை நிலைய அதிகாரி தந்தி வழியே அடுத்த நிலையத்திலிருந்து அறிந்தார். பிற்காலத்தில் தொலைபேசி உதவிற்று. பயணியருக்கோ கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய எழுத்தும், தொங்கும் தண்டவாளத் துண்டில் அடித்த மணியோசையுமே அறிவிப்புகள். எழுத்தறியாதவர் பிறரைக் கேட்டே அறிந்தனர். ஒலிபெருக்கி வந்த பின்னர் அக்குறை நீங்கிற்று. 1982இல் பம்பாயில் மத்திய இரயில்வேயின் அறிவிப்பாளராகச் சேர்ந்த சரளா சௌத்ரியின் குரல் நாடறிந்ததாயிற்று. பின்னர் வண்டி எண், ஊர்ப்பெயர், நடைமேடை, நிமிடம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்து, கணிப்பொறியால் கோத்து ஒலிக்கச் செய்தனர். இன்று செயற்கைக்கோள் துணையுடன் வண்டி இருக்கும் இடத்தைக் கண்டு, கைப்பேசியிலேயே தாமதத்தைத் தெரிவிக்கின்றனர்.

அவ்வாறாயின் ஒலிபெருக்கி இனித் தேவையில்லையோ? 2023ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இக்கேள்வி சோதிக்கப்பட்டது. மின்திரைகளே போதுமெனக் கருதி ஒலி அறிவிப்புகளை நிறுத்தினர். பார்வையற்ற பயணியர் திகைத்தனர், எதிர்ப்பு எழுந்தது, குரல் மீண்டும் ஒலித்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தந்தியும் திரையும் செயற்கைக்கோளும் செய்தியை விரைவாக்கின. ஆனால் விரைவு வேறு, எல்லார்க்கும் எட்டுதல் வேறு. படிக்கத் தெரியாத பாட்டிக்கும், பார்வையற்றவருக்கும், கைப்பேசி இல்லாத கூலித் தொழிலாளிக்கும் எட்டுவது குரலே. அக்குரலும் "வருந்துகிறோம்" என்பதோடு நின்றுவிடலாகாது. எவ்வளவு தாமதம், எக்காரணத்தால், எந்த நடைமேடையில் என்ற மூன்றையும் உரிய வேளையில் உரைத்தல் வேண்டும். வண்டி பிந்துதல் சில வேளை தவிர்க்க இயலாதது. செய்தி பிந்துதல் தவிர்க்கக் கூடியதன்றோ!