பணக்கார ஊர், நடுத்தர சம்பளம்: அமெரிக்காவில் பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் தேடும் குடும்பங்கள் போடும் கணக்கு என்ன?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு நாலு வயது நெருங்கினாலே ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "எந்த ஊர்ல ஸ்கூல் நல்லா இருக்கு? அங்க வாடகை நமக்குக் கட்டுப்படியாகுமா?" இதில் முதல் கேள்விக்கு இணையத்தில் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

சென்னையில் இந்தப் பிரச்னை இப்படி இருக்காது. வீடு பெரம்பூரில் இருக்கலாம், பிள்ளை மயிலாப்பூரில் படிக்கலாம். ஃபீஸ் கட்டினால் போதும். அமெரிக்க அரசுப் பள்ளியில் ஃபீஸ் கிடையாது. ஆனால் எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். அதனால் பள்ளிக்குக் கட்ட வேண்டிய காசு அங்கே வீட்டு விலையாகவும் வாடகையாகவும் மாறி நிற்கிறது.

ஊருக்கு ஊர் பள்ளி ஏன் மாறுகிறது?

அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம்மூர் வருவாய் மாவட்டம் மாதிரி பெரிதாக நினைத்துவிட வேண்டாம், பல இடங்களில் ஒரு சின்ன டவுனே ஒரு பள்ளி மாவட்டம்தான். செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதியை மாநில அரசும் உள்ளூர் சொத்து வரியும் ஏறக்குறைய சரிபாதியாகச் சுமக்கின்றன. வீடுகள் விலை உயர்ந்தவையாக இருக்கும் ஊரில் குறைந்த வரி விகிதத்திலேயே நிறைய பணம் சேர்ந்துவிடும். இது அநியாயம் என்று டெக்சாஸின் சான் அன்டோனியோ பெற்றோர்கள் தொடுத்த வழக்கில், 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல மாநிலங்கள் ஏழை ஊர்களுக்குக் கூடுதல் நிதி கொடுக்கத் தொடங்கின. ஆனாலும் ஊர்களுக்கு இடையிலான வித்தியாசம் தீரவில்லை.

விசா நிலையைப் பற்றி இந்த விஷயத்தில் பயப்பட வேண்டாம். குடியேற்ற ஆவணங்களைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி கேட்பது வயது, தடுப்பூசி விவரம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த எல்லைக்குள் குடியிருப்பதற்கான ஆதாரம்.

சொந்த வீடா, வாடகையா?

நியூ ஜெர்சியை எடுத்துக்கொள்ளலாம். சொத்து வரி நாட்டிலேயே அதிகமாக உள்ள மாநிலம் இது. சராசரியாக ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் அளவில் வரி வருகிறது. அதாவது வங்கித் தவணை போக, மாதம் 800 டாலருக்கு மேல் வரிக்கே எடுத்து வைக்க வேண்டும். வசதியான ஊர்களில் இது இன்னும் அதிகம். கடனை அடைத்து முடித்தாலும் வரி முடியாது. முதல் முறை வீடு வாங்குபவர்கள் பலர் தவணையை மட்டும் பார்த்துவிட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நடுத்தர வருமானக்காரர்களுக்கு உள்ள வழி, அதே பள்ளி மாவட்டத்துக்குள் அபார்ட்மென்ட் வாடகைக்குக் கிடைக்கும் ஊரைத் தேடுவது. வெஸ்ட் விண்ட்சர், பிளெய்ன்ஸ்பரோ இரண்டும் இதற்கு நல்ல உதாரணம். பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டவுன்ஷிப்கள். ஒன்று மெர்சர் கவுன்டியில், மற்றது மிடில்செக்ஸ் கவுன்டியில். ஆனால் பள்ளி மாவட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். நியூயார்க் ரயில் நிற்கும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் வெஸ்ட் விண்ட்சரில் இருக்கிறது. பெரிய பெரிய தனி வீடுகளும் அங்கேதான் அதிகம். பிளெய்ன்ஸ்பரோ ஒரு காலத்தில் பால் பண்ணை ஊர். அமெரிக்க விளம்பரங்களில் புகழ்பெற்ற 'எல்சி' என்ற பசு இருந்தது இங்கேதான். பிற்காலத்தில் இந்த ஊரில் பெரிய அபார்ட்மென்ட் வளாகங்கள் எழும்பின. வாடகை வீட்டுப் பிள்ளையும், தோட்டம் வைத்த தனி வீட்டுப் பிள்ளையும் ஒரே மாவட்டப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

வாடகைதாரர் சொத்து வரி கட்டுவதில்லை என்று சொல்லிவிட முடியாது, உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றித்தான் வாங்குவார். ஆனால் மொத்தச் செலவும் கையை விட்டுப் போகும் ரிஸ்க்கும் குறைவு. முன்பணமும் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நீதிமன்றம் திறந்த கதவு

பல பணக்கார ஊர்கள் அபார்ட்மென்ட் கட்டவே விடாது. ஒரு வீட்டுக்கு இத்தனை ஏக்கர் நிலம் வேண்டும் என்று விதி போட்டால் போதும், குறைந்த வருமானக்காரர் தானாகவே வெளியே நின்றுவிடுவார். நியூ ஜெர்சியின் மவுன்ட் லாரல் ஊரில், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களுக்கே வீடு கட்டுப்படியாகாமல் போனது. எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு ஊரும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தன் பங்கு வீடுகளுக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975-லும் 1983-லும் தீர்ப்பளித்தது.

இன்று வசதியான ஊர்களின் நடுவிலும் வருமான வரம்பு வைத்த வீடுகள் இருப்பதற்கு இந்த வழக்குதான் காரணம். வட்டார நடுநிலை வருமானத்தில் 80 சதவீதம் வரை உள்ளவர்கள் இந்த வரம்புக்குள் வருவார்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமானது, சில இடங்களில் குலுக்கல். அதனால் வீடு தேவைப்படுவதற்கு ரொம்ப முன்னாடியே பெயர் கொடுத்து வைப்பது நல்லது. மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் 1969 முதல் இதேபோன்ற சட்டம் இருக்கிறது. லெக்சிங்டன், நியூட்டன் போன்ற ஊர்களைப் பார்ப்பவர்கள் அதை விசாரிக்கலாம்.

பணக்கார ஊரில் வளர்ந்தால் பிள்ளை முன்னேறுமா?

டெல்லியில் பிறந்த ஹார்வர்டு பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியின் ஆய்வைத்தான் இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளில் இருந்த குடும்பங்களுக்கு வேறு பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுக்கப்பட்டது. 13 வயதுக்கு முன் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று அவரும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, கொஞ்சம் பாதிப்பே தெரிந்தது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவர்கள் கடும் வறுமையிலிருந்து வறுமை குறைந்த இடத்துக்குப் போனவர்கள். ஓரளவு நல்ல ஊரிலிருந்து மிகப் பணக்கார ஊருக்குப் போனால் இதே பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. பத்துக்கு எட்டு மதிப்பெண் உள்ள ஊரைவிட்டு பத்துக்குப் பத்து ஊருக்காகக் கடன் வாங்குவதற்கு இது ஆதாரம் ஆகாது. அந்த மதிப்பெண்களே பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் பிரதிபலிக்கின்றன. பிள்ளை ஒரு வருடத்தில் எவ்வளவு கற்றுக்கொள்கிறது என்பது வேறு கணக்கு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழை மாணவர்கள் நிறைந்த சிகாகோவில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் பாடத்துக்கு இணையான வளர்ச்சி தெரிந்தது.

போட்டிக்கும் ஒரு விலை இருக்கிறது. மேலே சொன்ன வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ மாவட்டத்தில்தான், 2015-ல் மாணவர்களின் மன அழுத்தம் அளவு மீறிவிட்டது என்று கண்காணிப்பாளர் டேவிட் அடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. தரம் குறைந்துவிடும் என்று பல ஆசியப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள், அதனால் ஊரே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது.

டெக்சாஸில் இன்னொரு சிக்கல். 1997 முதல், பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் அந்த வரம்பு இன்னும் இறுக்கமானது, 2026-ல் சேருபவர்களுக்கு 5 சதவீதம். பிளேனோ, ஃப்ரிஸ்கோ போன்ற ஊர்ப் பள்ளிகளில் அந்த இடத்துக்கு முட்டி மோத வேண்டும். அதே பிள்ளை சாதாரணப் பள்ளியில் படித்திருந்தால் சுலபமாக உள்ளே போயிருக்கலாம்.

"அத்தை வீட்டு அட்ரஸ் கொடுத்தா என்ன?"

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒஹாயோவில் தன் அப்பாவின் முகவரியைக் கொடுத்துப் பிள்ளைகளை வேறு மாவட்டப் பள்ளியில் சேர்த்த தாய், 2011-ல் சில நாட்கள் சிறையில் இருக்க வேண்டியதாயிற்று. பின்னர் ஆளுநர்தான் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். நியூ ஜெர்சியில், படித்த நாட்களுக்கான கட்டணத்தைக் கணக்குப் போட்டு வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

முகவரியில் தெரியாமல் ஏமாறுவதும் உண்டு. தபால் முகவரியில் 'பிரின்ஸ்டன்' என்று இருக்கும் எல்லா வீடும் பிரின்ஸ்டன் பள்ளி மாவட்டத்தில் இல்லை. வெஸ்ட் விண்ட்சர், லாரன்ஸ், சவுத் பிரன்ஸ்விக் ஆகியவற்றின் சில பகுதிகளுக்கும் அதே தபால் பெயர்தான். ஒரே மாவட்டத்துக்குள்ளும் தெருவைப் பொறுத்து பள்ளி மாறும். எடிசனில் ஜே.பி. ஸ்டீவன்ஸ், எடிசன் என்று இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. வாடகை விளம்பரத்தை நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன், வீட்டு எண்ணோடு முழு முகவரியையும் சொல்லி, பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸையும் அப்போதே கேட்டுவிடலாம். நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேலும், அதற்கு மேல் வகுப்புகளுக்கு இரண்டரை மைலுக்கு மேலும் தூரம் இருந்தால்தான் பள்ளி பஸ் கட்டாயம். ஒரே கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, 1.9 மைலில் கிடைத்த வீடு தினமும் இரண்டு தடவை தலைவலி கொடுக்கும்.