இயேசு (பெயர்)

இயேசு என்பது ‘யெகோசுவா’ என்ற எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவமான ‘ஈசூஸ்’ வழி வந்தது. பொருள்: யாவே மீட்பு. எண்ணாகமம் 13:16இல் மோசே, நூனின் மகன் ஓசேயாவுக்கு ‘யெகோசுவா’ என்ற இப்பெயரைச் சூட்டுகிறார்; அவரே யோசுவா. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் அது ‘யேசுவா’ எனச் சுருங்கியது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் யூதரின் மறைநூலான தோரா கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது பெயரும் உருமாறியது. கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலி இல்லை. ‘ஸ’ அவ்விடத்தைப் பிடித்தது. ஈற்றுத் தொண்டையொலி உதிர்ந்தது. ஆண்பாற்பெயராக ஒலிக்க, எழுவாயில் ‘ஸ்’ ஒட்டியது. வேற்றுமை ஏற்கையில் ‘ஈசூ’, ‘ஈசூன்’ என்றாகும்.

இயேசுவுக்கும் யோசுவாவுக்கும் கிரேக்கத்தில் ஒரே பெயரானதால் நேர்ந்த குழப்பம் சுவையானது. எபிரேயர் 4:8 குறிப்பிடுவது மோசேயின் வாரிசான யோசுவாவை. கிரேக்க மூலத்திலோ ‘ஈசூஸ்’ என்றே உள்ளது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் அங்கே ‘ஜீசஸ்’ என்று அச்சிட்டது. தமிழ் வேதாகமம் யோசுவா என்றே தெளிவாகப் பிரித்துக்காட்டுகிறது.

முதல் நூற்றாண்டு யூதேயாவில் இது பரவலான பெயர். தம்னேயுவின் மகன் இயேசு என்றொரு தலைமைக் குருவையும் வரலாற்றாசிரியர் யோசேபஸ் குறிப்பிடுகிறார்.