ஆட்-ஹாக் வலையமைப்புகளின் வழிச்செலுத்தல் நெறிமுறைகள்: இரு ஒப்பீடுகளின் வரலாறு

கோபுரமோ கம்பியோ இல்லாமல், கருவிகளே ஒன்றிடமிருந்து ஒன்று தகவலை வாங்கிக் கொண்டுசேர்க்கும் கம்பியில்லா அமைப்பு ஆட்-ஹாக் வலையமைப்பு எனப்படுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்பேசி இணைப்பு அற்றுப்போனது. அத்தகைய நாளில் இவ்வமைப்பு பயன்படும் என்பது இதன்மீதான ஆர்வத்துக்கு ஒரு காரணம். கருவிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கையில் தகவல் செல்லும் வழியைக் கண்டறியும் விதிகளே வழிச்செலுத்தல் நெறிமுறை.

இதன் தொடக்கம் 1970களில் அமெரிக்காவின் டார்ப்பா நிறுவனம் மேற்கொண்ட பாக்கெட் ரேடியோ ஆய்வு. 1994இல் சார்லஸ் பெர்க்கின்சும் பிரவின் பகவத்தும் டி.எஸ்.டி.வி. முறையை வெளியிட்டனர். இதில் ஒவ்வொரு கருவியும் எல்லா வழிகளுக்கும் அட்டவணை வைத்து, அதை அண்டைக் கருவிகளுடன் அவ்வப்போது பகிர்ந்துகொள்ளும். காவேரிப்பாக்கம் கடைத்தெருவில் கடைக்காரர்களின் செல்பேசிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அங்கே இம்முறை போதும். ஊரையொட்டிய சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூரிலிருந்து தோல் ஏற்றி விரையும் லாரிகளுக்கோ, அட்டவணை எழுதி முடிப்பதற்குள் பழசாகிவிடும்.

டேவிட் ஜான்சனும் டேவிட் மால்ட்சும் 1996இல் விளக்கிய டி.எஸ்.ஆர். முறையில், தேவைப்படும்போது மட்டுமே வழி விசாரிக்கப்படும். கிடைத்த முழு வழியும் பொதியின் தலைப்பில் எழுதப்படும். பெர்க்கின்சும் எலிசபெத் ராயரும் உருவாக்கிய ஏ.ஓ.டி.வி.யும் கேட்டறியும் முறைதான். ஆனால் இதில் ஒவ்வொரு கருவியும் அடுத்த தாவலை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

1998இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு இம்மூன்றையும், டோரா என்னும் நான்காவதையும் கணினிப் பாவனையில் ஒப்பிட்டது. 1500 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட களம், 50 கருவிகள், 900 விநாடிகள். வேகத்தின் உச்சம் ஒரு தொகுதியில் விநாடிக்கு 1 மீட்டர், அதாவது நடை வேகத்துக்கும் குறைவு. மற்றதில் 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர். கருவிகள் ஓயாமல் விரைந்தபோது டி.எஸ்.டி.வி. சுமார் 70 விழுக்காடு பொதிகளையே சேர்த்தது. அறுந்த இணைப்பைப் பழைய அட்டவணை இன்னும் காட்டிக்கொண்டிருந்ததே இழப்புக்கு முதன்மைக் காரணம். டி.எஸ்.ஆரும் ஏ.ஓ.டி.வி.யும் 95 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்தன; வழி தேடும் செய்திகள் டி.எஸ்.ஆரில் குறைவு. டோரா, அனுப்புநர் எண்ணிக்கை 30 ஆனதும் நெரிசலில் தடுமாறியது.

2000இல் சமீர் தாஸ், பெர்க்கின்ஸ், ராயர் வெளியிட்ட ஒப்பீட்டின் முடிவு வேறு. கருவிகள் குறைந்து நெருக்கடியும் குறைந்தபோது டி.எஸ்.ஆர். முந்தியது, சுமையும் வேகமும் கூடியபோது ஏ.ஓ.டி.வி. முந்தியது. டி.எஸ்.ஆர். சேமித்து வைத்திருந்த பழைய வழிகளே அதன் காலை வாரின.

முதல் ஆய்வில் டி.எஸ்.ஆரை உருவாக்கியவர்களும், இரண்டாவதில் ஏ.ஓ.டி.வி.யை உருவாக்கியவர்களும் பங்கேற்றிருந்தனர். இதனால் முடிவுகள் பொய்யாகிவிடா. இரு ஆய்வுகளின் சுமைகள் வெவ்வேறு. ஆயினும் ஒப்பீட்டுக் கட்டுரையைப் படிக்கும் மாணவர், வென்றது எது என்பதற்கு முன் களத்தை அமைத்தது யார் என்று பார்ப்பது நல்லது.

இணையத் தர அமைப்பான ஐ.இ.டி.எஃப். ஏ.ஓ.டி.வி.யை 2003 ஜூலையிலும், டி.எஸ்.ஆரை 2007 பிப்ரவரியிலும் ஆவணமாக வெளியிட்டது. இரண்டுக்கும் தரப்பட்ட தகுதி 'சோதனை நிலை'. இடையே 2004இல், சென்னை ஐ.ஐ.டி.யின் சி. சிவராம் மூர்த்தி, பி. எஸ். மனோஜ் எழுதிய ஆட்-ஹாக் வலையமைப்புப் பாடநூல் வெளிவந்தது.